பூவிழியின் எண்

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போதே ழனெத் மின்விசிறியை நிறுத்திவிடுவாள். அவள் வீட்டு விசிறிக்குச் சுற்றுக்கு ஒரு முறை முனகுகிற வியாதி உண்டு. அந்த முனகலில் போனில் வருகிற ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாது என்பது அவள் கவலை. ரெட்டியார்பாளையத்தில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், சித்திரை வர வேண்டியதில்லை, மாசியிலேயே சுவர் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஆனாலும் கழுத்தில் வழிகிற வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பாள். வாரம் முழுக்க அந்த வீட்டில் ஒரு மனிதக் குரல் அவளைப் பார்த்து ‘சாப்டீங்களா’ என்று கேட்பது அந்த நாற்பது நிமிடத்தில்தான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, கோர்ட்டுத் தீர்ப்பு என்று பிரான்சுக்குப் போகிற காகிதங்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுப்பது தொழில். முன்பெல்லாம் ஆட்கள் நேரில் வருவார்கள். உட்கார்ந்து காபி குடித்து, மாப்பிள்ளை பாரிசில் என்ன வேலை பார்க்கிறான், மாமியார்க்காரி எப்படி என்று எல்லாக் கதையையும் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இப்போது எல்லாம் வாட்ஸப்பில் வருகிறது, வாட்ஸப்பிலேயே போய்விடுகிறது. முத்திரை வைத்த பிரதியை வாங்க வருகிற கூரியர் பையன் கேட்டுக்கு வெளியே பைக்கை அணைக்காமலே கையை நீட்டுவான். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், போய்ச் சேர்ந்து இருபது வருடமாகிறது. அம்மா போய் இரண்டு வருடம். தம்பி லூதோவிக் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறான். மாதம் பிறந்தால் ஒரு முறை கூப்பிட்டு, எல்லாம் சரிதானே என்று பிரெஞ்சில் கேட்பான். சரிதான் என்று அவளும் பிரெஞ்சிலேயே சொல்வாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தராவது இங்கே இருக்க வேண்டுமே என்று இவள் நின்றுவிட்டாள். நின்றவளை அப்புறம் யாரும் வந்து கூப்பிடவில்லை.

அந்த அறக்கட்டளையின் விளம்பரத்தைச் சர்ச் வாசலில்தான் பார்த்தாள். வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை போனில் பேசி வழிகாட்ட ஆட்கள் தேவை என்று போட்டிருந்தது. பெண்களுக்குப் பெண்களே பேச வேண்டும். ஒருங்கிணைப்பாளர் கமலக்கண்ணன் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார். அதில் விதிகளாக இருந்தன. மாணவி வீட்டுக்குப் போகக் கூடாது. பணம் கொடுக்கக் கூடாது. குறைவாகப் பேசி நிறையக் கேட்க வேண்டும். பேச்சு மாணவியின் படிப்பைச் சுற்றியே இருக்க வேண்டும், குடும்பக் கதைக்குள் நுழைந்துவிடக் கூடாது. மாணவி மூன்று ஞாயிறு போனை எடுக்காவிட்டால் பெயர் திட்டத்திலிருந்து எடுக்கப்படும். பெயர் போனால் அறக்கட்டளை கட்டுகிற கல்லூரிக் கட்டணமும் போய்விடும்.

ழனெத்துக்குக் கிடைத்தவள் பூவிழி. முதல் வருடம் தாவரவியல். முதலியார்பேட்டையில் வீடு. அப்பா கோவிந்தராசு பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், அம்மா இல்லை. முதல் நான்கு ஞாயிறும் அந்தப் பெண்ணிடமிருந்து ‘சரிங்க மேம்’ என்பதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. கிளாஸ் எப்படிப் போகிறது? நல்லாப் போவுதுங்க மேம். பாடம் புரிகிறதா? புரியுதுங்க மேம். நோட்டில் ஏழு கேள்வி எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆறாவது நிமிடத்தில் ஏழும் தீர்ந்துவிடும். மீதி நேரத்துக்கு ழனெத் தன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லி ஓட்டினாள்.

அடுத்த இரண்டு ஞாயிறு போனை யாரும் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறுதான் அந்தக் கதவு திறந்தது. வாரம் எப்படிப் போயிற்று என்று வழக்கம்போல் கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து, “வாரம் எங்கங்க போவுது, அது பின்னாலயே நம்பதான் போய்ட்டு இருக்கோம்” என்று ஒரு பதில் வந்தது, பின்னாலேயே ஒரு சிரிப்பும் வந்தது. ழனெத்தால் நம்ப முடியவில்லை. அன்றைக்கு நாற்பது நிமிடம் ஐம்பத்தைந்தாயிற்று. குரல்கூடக் கொஞ்சம் கனத்துத்தான் ஒலித்தது. பயம் விட்டுப்போனால் குரலும் மாறும் என்று நினைத்துக்கொண்டாள். கஷ்டப்பட்ட பிள்ளைகள் வயதுக்கு மீறித்தான் பேசும் என்றும் நினைத்துக்கொண்டாள். இப்படி நினைப்பதில் ஒரு பெரிய மனுஷித்தனம் இருந்தது, அது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

வழிகாட்டிகளின் மாதாந்தரக் கூட்டத்தில் இதை அவள் சொல்லாமல் இருப்பாளா? நான்கு வாரம் வாயே திறக்காத பெண்ணை ஐந்தாவது பேச்சிலேயே பேசவைத்த விதத்தை ஒரு குறையும் வைக்காமல் சொன்னாள். தன் பள்ளிக்கூடக் கதைதான் வேலை செய்திருக்க வேண்டும் என்று முடித்தாள். கமலக்கண்ணன் அதைக் குறித்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் உதாரணம் காட்ட ஆரம்பித்தார்.

அப்புறம் ஞாயிறுகள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. இலையில் மாவுச்சத்து எப்படி உண்டாகிறது என்று அந்தக் குரல் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. வெந்தயக் கீரை ஏன் வாடினால் கசக்கிறது என்று கேட்டது, இரண்டு பேருக்கும் தெரியவில்லை. “தனியாவா ஆக்கித் திங்குறீங்க? ஒத்த ஆளுக்கு ஒல வெக்கிறதுதாங்க ரொம்பக் கஷ்டம்” என்றது ஒரு நாள். புத்தகத்தில் நிறையக் கேட்க வேண்டும் என்று போட்டிருந்தும் பேசியதெல்லாம் ழனெத்தான். அம்மா கடைசி மூன்று மாதம் தன்னை யாரென்று தெரியாமல் ‘மதாம்’ என்று கூப்பிட்டதைச் சொன்னாள். அடக்கத்தன்று அழுகை வராமல், வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று எண்ணிக்கொண்டு நின்றதைச் சொன்னாள். இதையெல்லாம் லூதோவிக்கிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பக்கம் ஆறுதல் ஒன்றும் வரவில்லை. “எங்கம்மா செத்தப்ப நானு பால் பாக்கெட்ட பிரிட்ஜில வெச்சிட்டனான்னுதாங்க யோசிச்சிட்டு இருந்தேன்” என்று மட்டும் வந்தது. ழனெத் அன்றைக்குத்தான் அழுதாள்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தக் குரல் கொஞ்சம் இழுத்து இழுத்து ஒன்று கேட்டது. பன்னிரண்டாவதோடு நின்றுபோன ஒருத்தி எட்டு வருடம் கழித்து மறுபடி படிக்க முடியுமா? அக்காவுக்காகக் கேட்கிறேன் என்றது. அக்கா சேதராப்பட்டில் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாளாம். ழனெத்துக்கு விதிப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அஞ்சல் வழியில் படிக்கலாம்தான், ஆனால் அக்கா கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உன் செமஸ்டர் என்ன ஆச்சு என்று கேட்டாள். அந்தக் குரல் செமஸ்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. நோட்டில் ‘பேச்சைப் படிப்புக்குத் திருப்பினேன்’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டாள்.

பங்குனி முதல் வாரத்தில் அறக்கட்டளை ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, வழிகாட்டிகளையும் மாணவிகளையும் முதல் முறையாக நேரில் சந்திக்கவைத்தது. பரிசு கொடுக்கக் கூடாது, தின்பண்டம் கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்தார்கள். ழனெத் முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நின்று ஒரு கத்தோ செய்தாள். ரவையும் முந்திரியும் ரம்மில் ஊறின திராட்சையும் போட்டு, கிறிஸ்துமசுக்கு அம்மா செய்கிற கேக். அதன் செய்முறையை மூன்று ஞாயிறு போனில் விவரித்திருந்தாள். எப்ப மேம் கண்ல காட்டுவீங்க என்று அந்தக் குரல் அப்போதே கேட்டிருந்தது.

ஹாலில் சட்டையில் பெயர் எழுதின சீட்டுக் குத்திய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பூவிழி என்ற சீட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒல்லியான பெண், முகத்துக்குப் பவுடர் போட்டு, கூந்தலை வாரிவிட்டு, அழகாகத்தான் இருந்தாள். எழுந்து நின்று கைகுவித்து, “வணக்கம் மேம்” என்றாள். சன்னமான குரல். நேரில் பார்த்தால் யாருக்கும் கூச்சம் வரும்தானே என்று ழனெத் டப்பாவைத் திறந்து நீட்டினாள். பூவிழி ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்னாங்க மேம்?” என்று கேட்டாள்.

ழனெத் அவள் முகத்தையே பார்த்தாள். அந்தப் பெண்ணும் இவள் முகத்தைப் பார்த்தாள். கேக்கை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வெளியே வர்றீங்களா மேம் என்றாள். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று, குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அக்காதாங்க பேசுனாங்க. நானு இல்ல. கமலக்கண்ணன் சார்கிட்ட சொல்லிடாதீங்க மேம்.”

அப்புறம் எல்லாம் வந்தது. ஆவணியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கல்யாண மண்டபத்தில் வரவேற்புக்கு நிற்கிற வேலை. பட்டுப்புடவை கட்டி, பன்னீர் தெளித்து, கல்கண்டுத் தட்டை நீட்ட வேண்டும். மூன்று மணிக்கு வேன் வந்துவிடும். போன் அவளுடையது இல்லை. அந்த வீட்டுக்கே ஒரு போன்தான். மற்ற நாளில் அப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும். இரண்டு ஞாயிறு எடுக்காமல் விட்டாயிற்று, மூன்றாவதும் விட்டால் பேர் போய்விடும் என்று பயந்து, வீட்டிலிருந்த அக்கா எடுத்து, பூவிழிதான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அது அப்படியே தொடர்ந்துவிட்டது. போனுக்கு ஒரு எண் என்றால் அதற்கு ஓர் ஆள் என்று ழனெத் நினைத்திருந்தாள். தனியாக இருக்கிறவளுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

“நீங்க பாடத்துல கேப்பீங்கன்னு சனிக்கெழம கம்பெனி உட்டு வந்து என் நோட்ட எடுத்து வெச்சிட்டுப் படிப்பாங்க. எனக்கே தெரியாததெல்லாம் அவங்களுக்குத் தெரியும் மேம்” என்றாள் பூவிழி. குரலில் பெருமையா பொறாமையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா பேர் என்ன என்று ழனெத் கேட்டாள். சுடர்விழி என்றாள். ஆறு மாதத்துக்கு மேல் பேசிய ஒருத்தியின் பேர் அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடக் கதை, பேசவைத்த சாமர்த்தியம், மாதக் கூட்டத்தில் வாங்கிய பாராட்டு எல்லாம் சேர்ந்து கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தை மாதத்தில் அவள் தனக்காகவே கேட்ட கேள்வியும், ழனெத் போட்ட கோடும் நினைவுக்கு வந்தது அதைவிட வலித்தது.

அந்த நேரம் பார்த்துக் கமலக்கண்ணன் மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார். எப்படிப் பேசவைத்தேன் என்று இரண்டு நிமிடம் சொல்ல வேண்டுமாம். போய் மைக்கைப் பிடித்தாள். “நான் ஒண்ணும் பண்ணலைங்க. அந்தப் பக்கம் இருந்தவங்கதான் என்னைப் பேசவெச்சாங்க” என்றாள். என்ன அடக்கம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். இறங்கி வந்ததும் முப்பத்தோரு முறை மாணவியோடு பேசினேன் என்று அச்சடித்த தாளைக் கமலக்கண்ணன் நீட்டினார். அதில் நான்குதான் நிஜம். சொன்னால் அந்தப் பெண்ணின் படிப்பு அன்றோடு சரி. அரசாங்கக் காகிதங்களில் ஒரு புள்ளி மாறாமல் எழுதி முத்திரை வைக்கிற கை, அந்தப் பொய்யில் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டது. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

வருத்தம் அடுத்து நடந்ததில்தான். கிளம்பும்போது பூவிழி கண் கலங்க நன்றி சொன்னாள். அப்போது பயிற்சியில் பழகின வாய் தானாகத் திறந்தது. இது வரைக்கும் போனது போகட்டும், வருகிற ஞாயிறிலிருந்து நீதான் பேச வேண்டும், உனக்காகத்தான் இந்த ஏற்பாடு என்றாள் ழனெத். கண்டிப்பாங்க மேம், மண்டப வேலையை விட்டுடறேன் என்று அந்தப் பெண் கையடித்துச் சொன்னாள். சரியான பேச்சு, விதிப்படியும் சரி. பஸ்ஸில் ஏறி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்திரா காந்தி சிலையைத் தாண்டின பிறகுதான் தான் செய்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. இனி அந்தக் குரல் வராது. வர வேண்டாம் என்று சொன்னவள் அவளேதான்.

அந்த வாரம் நீளமாக இருந்தது. திங்கட்கிழமை மூன்று பிறப்புச் சான்றும் செவ்வாய் ஒரு விவாகரத்தும் வந்தன. புதன்கிழமை பொறுக்க முடியாமல் அந்த எண்ணுக்குப் போட்டாள். சந்தைச் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆம்பளைக் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு யாருங்க என்றது. சுடர்விழி இருக்காங்களா என்று கேட்க வாயெடுத்தாள். பாப்பா கம்பெனிக்குப் போயிருக்கு, நீங்க யாரு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? மன்னிக்கணும், தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்க இந்த ஊரில் ஆளா இல்லை என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள். ஆள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தாள், ஒருத்தரும் அகப்படவில்லை.

ஞாயிறு நாலு மணிக்குப் பூவிழி முதல் ரிங்கிலேயே எடுத்தாள். நல்ல பெண், சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். வாரம் நல்லாப் போச்சுங்க மேம். பாடம் புரியுதுங்க மேம். ழனெத் கேட்க வேண்டியதை எல்லாம் ஒழுங்காகக் கேட்டாள், ஆனால் காது அதில் இல்லை. அந்த வீட்டின் சத்தங்கள் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தன. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். துணியைக் கல்லில் அடித்துத் துவைக்கிற சத்தம். யாரோ ஒரு குழந்தையை, தண்ணியில ஆடாதடா, போடா அந்தாண்ட என்று விரட்டுகிற குரல். அது அந்தக் குரல்தான்.

“உங்க அக்காகிட்ட ஒரு நிமிஷம் குடும்மா” என்றாள்.

பூவிழி போனைக் கையால் பொத்திக்கொண்டு கூப்பிடுவது கேட்டது. திரும்பி வந்து, “வரமாட்டேங்குறாங்க மேம். நீங்க காலேஜ் பொண்ணுகிட்டதான பேசுனீங்களாம். நானு சோப்பு கட்றவ, எங்கிட்ட என்னா பேசப்போறாங்கன்றாங்க” என்றாள்.

அக்கா கதை அப்புறம் என்று சொன்ன வாயால் இப்போது என்னத்தைச் சொல்வது? மன்னிப்புக் கேட்டால் அதைப் பூவிழி எடுத்துப் போய்ச் சொல்ல வேண்டும், அப்படி ஆள் வைத்துச் சொல்கிற விஷயமா அது? மீதி நேரம் இருவரும் மாறி மாறி ஒன்றுமில்லாததைப் பேசினார்கள். நாற்பது நிமிடம் முடிந்தது. வெச்சிடட்டுங்களா மேம் என்று பூவிழி கேட்டாள். ழனெத் பதில் சொல்லவில்லை. மேடத்துக்கு முன்னால் போனை வைப்பது மரியாதை இல்லை என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். கட் செய்யாமல் போனை எதன் மேலோ வைத்தாள். டொக் என்று ஒரு சத்தம் கேட்டது.

துவைக்கிற சத்தம் தொடர்ந்து வந்தது. அடி, ஒரு நிறுத்தம், மறுபடி அடி. ழனெத் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது, கை வரவில்லை.

“வெச்சிட்டாங்களா?” என்று தூரத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“இல்லக்கா. லைன்லயேதான் இருக்காங்க.”

“என்னா சொல்றாங்க?”

“ஒண்ணும் சொல்லல. சும்மா இருக்காங்க.”

அடிக்கிற சத்தம் நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் பக்கெட்டில் விழுந்துகொண்டிருந்தது. பக்கெட் நிரம்பி வழிந்து, தண்ணீர் தரையில் கொட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் யாரோ குழாயை மூடினார்கள். ஈரக் கால்கள் சிமெண்ட் தரையில் நடந்து வருகிற சத்தம் கேட்டது, மெதுவாக, நின்று நின்று.